சுவரைப் பார்த்துப் படு

“ஷெட்டுக்கு ஒரு ஜன்னல் வேணுங்க மேடம்.”

கேட்டுவிட்டேன். சம்பளத்தைக் கூட்டிக் கேட்கலாம், தீபாவளிக்கு லீவு கேட்கலாம், வீட்டுக்காரர்கள் தூக்கிப்போடுகிற பழைய பிரிட்ஜைக் கேட்கலாம். ஜன்னல் மட்டும் கேட்கக் கூடாது. “அந்தப் பேச்சே வாயில வரப்படாது கண்ணு. வந்துச்சுன்னா மறுநாளு நாம ரோட்டுல” என்று சொல்லிச் சொல்லித்தான் அம்மா என்னை வளர்த்தாள். மற்ற பிள்ளைகளுக்குப் பூச்சாண்டி, எனக்கு ஜன்னல்.

அம்மா தை மாதம் செத்துப்போனாள். இப்போது ஐப்பசி. இனி ரோட்டுக்கு அனுப்பினால் அனுப்பட்டும், பார்த்துவிடலாம் என்றுதான் ஓசூரில் பஸ் ஏறினேன். கோயம்புத்தூரில் அப்பா வேலை பார்க்கிற வீட்டுத் தெருவில் எங்களைப் போன்றவர்கள் வந்து போக வீட்டுக்கு வீடு ஒரு பக்கச் சந்து உண்டு. நான் அதில் போகவில்லை. முன்வாசலில் போய் நின்றேன்.

மாலினி மேடம் கேட்டில் பதித்திருந்த பித்தளை இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அவர் தன் கையால் துடைக்கிற ஒரே பொருள் அதுதான். ஐந்து இலை. கார் வைத்திருக்கிறவர்கள் அதன் அழுக்கைத் தங்கள் ஷெட்டுக்குள்ளேயே சுத்தம் செய்துகொள்ள வேண்டும் என்று மாநகராட்சி சட்டம் போட்டபோது வந்த இலைகள். ஷெட் எவ்வளவு காற்றைக் கழுவுகிறதோ அவ்வளவு இலை. குறைந்தால் காரை விற்க வேண்டியதுதான். காரைவிட, பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டைப் பார்ப்பார்களே, அது பெரிய கவலை.

“அமுதரசியா? ஏன் இங்க வந்து நிக்கறே, சைடுல வரவேண்டியதுதானே” என்றார்.

“சைடுல வந்தா உங்களப் பாக்க முடியாதுங்க.”

அப்புறம்தான் ஜன்னலைக் கேட்டேன். “ஜன்னலா?” என்று சிரித்தார். கோபப்படுவார் என்று நான் நினைத்திருந்தேன். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. “உங்கப்பாகிட்டக் கேட்டியா?” என்றார்.

இந்த இடத்தில் சுவரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

நான் இரண்டாவது படிக்கும்போது அப்பா ஒரு விளம்பரம் பார்த்தார். ‘டிரைவர் தேவை. குடும்பத்துடன் தங்கலாம்.’ அப்பா திருமூர்த்தி நல்ல டிரைவர். ஆழியாறு மலைப்பாதையில் லோடு வண்டி ஏற்றி இறக்கியவர். லைசென்ஸை லேமினேட் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, எங்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். லைசென்ஸை யாரும் பார்க்கவில்லை. மேடத்தோடு சுவர் கம்பெனி ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர்தான் கேள்வி கேட்டார். “வீட்ல எத்தன பேருங்க? யாருக்காச்சும் மூச்சு நோவு உண்டா? கொறட்டை விடுவீங்களா?”

அப்பா வெட்கப்பட்டுப்போனார். பொய் சொல்லவும் வரவில்லை. “நெம்ப விடுவேனுங்க” என்றார்.

வேலை கிடைத்துவிட்டது.

ஏன் கிடைத்தது என்பதை ஷெட்டுக்குள் கூட்டிப்போய் அந்த ஆளே விளக்கினார். மூன்று பக்கமும் தரையிலிருந்து கூரை வரைக்கும் பாசி. எங்கோ ஆய்வுக்கூடத்தில் வளர்த்தது. பாதி மஞ்சளித்துக் கிடந்தது.

“இது காத்துல இருக்கற கரியத் திங்கற சுவரும்மா. பெட்ரோல் கார் இருந்தப்ப அது விடற புகையே போதும். இப்ப வந்திருக்கறது பேட்டரி வண்டி. புகையே கெடையாது. சுவரு பட்டினி கெடக்குது.”

“அப்பறம் என்னத்தப் போடறது? தவுடா?” என்றாள் அம்மா.

அந்த ஆள் சிரித்தார். “மனுசங்க விடற மூச்சு போதும்மா. நீங்க பாட்டுக்குத் தூங்குங்க. சுவரப் பாத்த மாதிரி படுங்க, அது ஒண்ணுதான். கதவு இறுக்கமா இருக்கணும், ஈரமும் மூச்சும் வெளிய போவப்படாது. பழைய பாசி தானா உதிரும், கூட்டித் தள்ளீருங்க. அடியில புதுசு வந்துக்கும்.”

“மாடு கட்டறாப்பலதான். தீனி மட்டும் வேற” என்றாள் அம்மா. அப்பா அவளை முறைத்தார்.

கார் தானாக ஓடுகிற கார். அப்பா வெள்ளைச் சட்டை, தொப்பியோடு ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொள்வார். சிக்னலில் கார் தானாக நிற்கும்போது இவர் காலும் தரையை அழுத்தும். நான் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு வேறு பெயரே இல்லை. “உங்கப்பா என்னடி ஓட்டறாரு? சுவரா?” என்பார்கள். சுவரு டிரைவர் புள்ள. ஒருத்தியின் பல்லை உடைத்திருக்கிறேன்.

‘சுவரப் பாத்துப் படு.’ தாலாட்டு, திட்டு, செல்லம் எல்லாம் எனக்கு அந்த ஒரு வாக்கியம்தான். நாங்கள் திரும்பிப் படுத்த இடங்களில் பாசி தடித்து வந்தது. முகத்துக்கு நேரே, தலையணை அளவுக்கு, ஒரு மேடு. அப்பாவுக்குப் பெரிய மேடு, அம்மாவுக்கு உருண்டையாக ஒன்று, மூலையில் எனக்குச் சின்னதாக. அம்மா காலையில் எழுந்ததும் அதைத் தட்டிப் பார்த்து, “அப்பங்கிட்டத்தான் எச்சாத் திங்கறே, எம்மூச்சு எளப்பமா?” என்று சுவரோடு சண்டை போடுவாள். உதிர்ந்ததைக் கூட்டி வெளியே குப்பைத் தொட்டியில் கொட்டுவாள். மேடத்துக்கு மூன்று இலை நான்காகி, நான்கு ஐந்தானது. எங்களுக்கு எந்நேரமும் தலைவலி. ஒரு தட்டில் எப்போதும் சோறு மீந்திருக்க வேண்டும் என்றால் சமைக்கிறவன் எவ்வளவு பொங்க வேண்டும்? சுவர் தின்று தீராத அளவுக்குக் கெட்ட காற்று அங்கே எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். அதற்குத்தான் அந்தக் கதவு. இதைக் காலேஜில் சுற்றுச்சூழல் பொறியியல் படித்தபோதுதான் புரிந்துகொண்டேன். எங்கள் வம்சத்தில் முதல் பட்டம். அந்தப் பட்டம் எனக்குச் சொன்ன முதல் விஷயம், என் வீடு வீடு இல்லை என்பது.

நான் ஹாஸ்டலுக்குப் போன மழைக்காலத்துக்குள் என் மேடு காய்ந்து உதிர்ந்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் இன்றைக்கும் சுவர்ப் பக்கம் திரும்பினால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தபோது பெரியாஸ்பத்திரி டாக்டர், “வீட்ல விறகடுப்பா?” என்றார். “கார் ஷெட்டுங்க” என்றாள் அம்மா. அவருக்குப் புரியவில்லை. இதயம் பலவீனம் என்று எழுதினார். மேடம் பெரிய மாலை அனுப்பியிருந்தார். இயற்கைக்குக் கேடில்லாத மாலையாம், அதில் நார்கூட வாழை நார்.

அந்த மேடம்தான் இப்போது என் முன்னால் துணியை மடித்துக்கொண்டு நிற்கிறார்.

“அப்பா கேக்க மாட்டாருங்க. அதான் நான் கேக்கறேன்.”

“அவர் கேக்கவே வேண்டாம் அமுதரசி. நானே குடுத்தேன். உங்கம்மா போனதும் எனக்கே மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ‘திருமூர்த்தி, ஜன்னல் வெச்சுத் தர்றேன், இல்லேன்னா மாடில ரூம் சும்மா கெடக்குது, அங்க படுத்துக்கங்க’ன்னு சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம்னுட்டார். உன்கிட்டச் சொல்லலையா?”

சொல்லவில்லை. பஸ் முழுக்க நான் சேர்த்துவைத்துக்கொண்டு வந்த வார்த்தைகளுக்கு இனி வேலை இல்லை. ஆனால் சும்மா போகிற பிறவி இல்லை நான்.

“அவரு வேண்டாம்னாரு, உங்களுக்கு அஞ்சு இலையும் நின்னுச்சு. அதனால ரெண்டாவது தடவ கேக்காம வுட்டுட்டீங்க.”

மேடத்தின் முகம் மாறியது. “படிச்சுட்டேல்ல, பேசுவே” என்றார். கையிலிருந்த துணியை உதறி மறுபடி மடித்துக்கொண்டே தணிந்த குரலில் சொன்னார்: “இத பாரு. அந்தச் சுவர் கம்பெனியே இப்ப இல்ல. கதவுல ஒரு ரப்பர் போனாக்கூட மாத்தறதுக்கு எங்கயும் கிடைக்காது. அதுவா சாகற வரைக்கும் இருக்கட்டும்னு விட்டு வெச்சிருக்கேன். அப்பறம் எல்லாத்தையும் சுரண்டி எறிஞ்சுட்டு சோலார் ஓடு போட்டுக்குவேன், அதுக்கும் அஞ்சு இலை உண்டு. அன்னைக்கு உங்கப்பாவை உன்கூடக் கூட்டிட்டுப் போ. நானா புடிச்சு வெச்சிருக்கேன்?”

ஷெட்டுக்கு நடந்தேன்.

அந்தக் கதவு பக்கவாட்டில் நகரும். விளிம்பு முழுக்கக் கட்டைவிரல் தடிமனுக்குக் கறுப்பு ரப்பர் பட்டை. மூடும்போது ‘ப்ச்’ என்று முத்தம் கொடுக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். சின்ன வயதில் நானும் அம்மாவும் அந்தச் சத்தத்துக்குப் பதிலாக ஆளுக்கொரு முத்தம் வாயால் கொடுப்போம். இழுத்துத் திறந்தேன். உள்ளேயிருந்து வந்த காற்று யாரோ வாயைத் திறந்து முகத்தில் ஊதியது போல் இருந்தது. என் வேலையே காற்றை அளப்பதுதான். தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய் அளக்கிறேன். பையிலிருந்த கருவி உள்ளே போனதும் கத்த ஆரம்பித்தது. அணைத்தேன்.

“யாரு? சாமி, நீயா!” அப்பா பாயிலிருந்து எழுந்தார். மதிய நேரம், ஆனால் உள்ளே பாசிக்கென்று எரிகிற விளக்கின் ஊதா வெளிச்சம்தான். வெள்ளைச் சட்டை ஆணியில் தொங்கியது. பனியனுக்குள் ஆள் பாதியாகியிருந்தார். மீசையின் இடது பக்கம் பச்சையாக இருந்தது. கன்னத்திலும்.

“மூஞ்சில என்னப்பா?”

அவசரமாகத் துடைத்துக்கொண்டார். “ஒண்ணுமில்ல. சோறு உண்டியா? கதவச் சாத்து மொதல்ல, காத்துப் போவுது.”

சாத்தவில்லை. சுவரைப் பார்த்தேன். அப்பா வழக்கமாகப் படுக்கிற இடத்தில், அந்தப் பெரிய மேடு பழுப்பாகக் காய்ந்து பாதி உதிர்ந்திருந்தது. என் மூலையில் வெறும் சுவர். நடுவில் அம்மாவின் மேடு மட்டும் பச்சையாகத் திமிர்த்து நின்றது. அவள் இருந்தபோதுகூட அது இவ்வளவு பெரிதாக இல்லை. பாய் அதற்கு நேராக விரித்திருந்தது. மேட்டின் நடுவே ஒரு குழி. ஒரு முகம் அழுந்திப் பதிகிற அளவுக்குக் குழி.

புரிந்துவிட்டது. பட்டம் எதற்கு, கண் இருந்தால் போதும்.

“இதுக்குத்தான் ஜன்னல் வேண்டாம்னியா?”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். “ஜன்னலு வெச்சா காஞ்சு போயிருமாமா. ஒரே நாள்ல போயிருமாமா.”

“போவட்டும்ப்பா.”

“அப்படிச் சொல்லாத சாமி.”

நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று பார்க்கிற கிளிப்பை அவர் விரலில் மாட்டினேன். சிவப்பாக மினுக்கியது. “பாரு. இந்த அளவுல ஒரு ஆளு நிக்கறதே பெருசு. ஓசூர்ல எனக்கு வீடு இருக்குதுப்பா. ரூமுக்கு ரெண்டு ஜன்னலு. எதுத்தாப்புல வேப்பமரம். காத்து சும்மா அப்படி வருது. நீ ஒரு நாளாவது வந்து படுத்துப் பாரேன்.”

“மெசினு கெடக்குது, வுடு.” கிளிப்பைக் கழற்றி என் மடியில் வைத்தார். “நான் வந்துட்டா இவளுக்கு யாரு இருக்கறா?”

“அம்மா செத்துட்டாப்பா.”

“தெரியும்.” கோபமாகச் சொன்னார். அப்பா என்னிடம் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. “எனக்குத் தெரியாதா? நாந்தான தூக்குனேன், நாந்தான வெச்சேன். ஆனா அந்தக் கம்பெனிக்காரன் அன்னைக்கு என்ன சொன்னான்? நம்ம மூச்சுல இருக்கற கரியத்தான் இது ஒடம்பா மாத்திக்குதுன்னான். அப்போ இது அவ வுட்ட மூச்சு. அவ நெஞ்சுக்குள்ள போயி வந்தது. மண்ணுல வெச்சது வேற, இங்க இருக்கறது வேற. இங்க இருக்கறது உசுரோட இருக்குதில்ல?”

நான் கிளிப்பைப் பைக்குள் போட்டேன்.

“நெம்பப் பேரு சிரிச்சாங்க சாமி, சுவரு டிரைவருன்னு. எனக்குத் தெரியாமயா? வண்டிய நான் ஓட்டலன்னு எனக்குத் தெரியாதா? ஒரு வேலையும் உருப்படியாப் பண்ணாத மாதிரி இத்தன வருசம் கையக் கட்டிட்டு உக்காந்திருந்தேன். இப்பத்தான் ஒரு வேல இருக்குது. அவள வாட வுடாமப் பாத்துக்கறது.” பச்சை மேட்டை உள்ளங்கையால் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார். குழந்தை பார்ப்பது மாதிரி இருந்தது. “நீ படிச்சவ. நீ சொன்னா நான் நம்புவேன். இது அவதான?”

நான் படித்திருக்கிறேன்தான். பழைய பாசி உதிரும், அடியில் புதுசு வரும் என்று அதே கம்பெனிக்காரர் சொன்னதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. என் மேடு ஒரே மழைக்காலத்தில் போன கணக்கும் தெரியும். அம்மாவின் மூச்சு சித்திரை வைகாசியிலேயே உதிர்ந்திருக்கும். அப்பா தினமும் காலையில் அதைக் கூட்டி, அம்மா கொட்டின அதே குப்பைத் தொட்டியில் கொட்டியிருக்கிறார். இப்போது இந்தச் சுவரில் பச்சையாக நிற்பது முழுக்க முழுக்க அப்பா. அவருடைய ரத்தம், அவருடைய நெஞ்சு, அவருடைய மிச்ச ஆயுள். அம்மா இங்கே ஒரு இழைகூட இல்லை.

சொல்ல வாயைத் திறந்தேன். யாருக்காகவும் நான் உண்மையை மறைத்துப் பேசினதில்லை. அதனாலேயே என்னைப் பிடிக்காதவர்கள் ஏராளம். மீசையில் பச்சையோடு அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமாப்பா. அம்மாதான்” என்றேன்.

அவர் முகம் அப்படியே விரிந்தது. “எனக்குத் தெரியும்” என்றார். “எனக்குத் தெரியும் சாமி. நீ படிச்சதுக்கு இதொண்ணு போதும்.”

அதற்குப் பிறகு அவருக்குக் களைப்பு வந்துவிட்டது. ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசினால் மூச்சு இழுக்கிறது. “செத்த கண்ணசந்துக்கறேன். சாயங்காலம் மேடத்தைக் கிளப்புக்குக் கூட்டிப்போவணும்” என்று பாயில் சாய்ந்தார். பழக்கம் மாறாமல் சுவரைப் பார்த்துத் திரும்பி, முகத்தை அந்தக் குழிக்குள் வைத்துக்கொண்டார். கன்னம் கச்சிதமாகப் பொருந்தியது. “உங்கம்மாகூடச் செத்த பேசிட்டு இரு” என்றார் பாசிக்குள்ளிருந்து.

நான் எழுந்து போய்ச் சுவரில் நெற்றியை வைத்தேன். ஈரம். வெதுவெதுப்பு. அம்மா வாசம் வருகிறதா என்று பார்த்தேன். எனக்குத் தெரிந்த கணக்கெல்லாம் வராது என்று சொன்னது. ஆனாலும் பார்த்தேன். கொஞ்ச நேரம் பார்த்தேன். “அம்மா” என்று ஒரு தடவை கூப்பிட்டுக்கூடப் பார்த்தேன். அப்பா ‘ம்’ என்றார், தூக்கத்தில்.

கதவுக்கு வந்து வாசற்படியில் உட்கார்ந்தேன். ரப்பர் பட்டையின் கீழ் முனை வெயிலில் வெடித்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தேன். முதலில் முரண்டு பிடித்தது. அப்புறம் பழைய பசை விட்டுக்கொடுத்து, பாம்புச் சட்டை மாதிரி சத்தமில்லாமல் உரிந்து வந்தது. ஒரு பக்கம். மேல் பக்கத்துக்கு எழுந்து நின்று எக்க வேண்டியிருந்தது. உரிய உரிய அதைச் சுருட்டிக்கொண்டே வந்தேன். ஒரு இடத்தில் என் நகம் பிய்ந்தது. அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் கை நின்றிருக்குமோ என்னவோ. அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். இத்தனை வருஷம் எங்களை அப்படிப் படுக்கச் சொன்னவர்கள்மேல் எனக்கு இருந்த அத்தனை ஆத்திரமும் அந்த முதுகைப் பார்த்து எங்கோ போய்விட்டது. முதுகெலும்பு பனியனுக்கு மேலே தெரிந்தது. மேலும் கீழும், மேலும் கீழும், அவர் ஊதிக்கொண்டிருந்தார்.

நாளைக்கு இந்நேரம் பாசியின் விளிம்பு பழுப்பாகும். அவர் துணி அடைத்துப் பார்ப்பார், தண்ணீர் தெளிப்பார், முகத்தை இன்னும் ஆழமாக அழுத்துவார். ஒன்றும் நடக்காது. உதிரும்போது அவர் அம்மாவை இரண்டாவது முறை தூக்க வேண்டியிருக்கும். அதற்குப் பிறகு ஓசூருக்கு வருவாரா என்று தெரியாது. வந்தாலும் என்னிடம் பேசுவாரா என்று தெரியாது. மூச்சு விடுவார். அது தெரியும்.

ரப்பர் சுருளைப் பையில் திணித்து ஜிப்பைப் போட்டேன். ஆணியில் தொங்கின தொப்பிக்குள் ஓசூர் வீட்டுச் சாவியை வைத்தேன்.

“கெளம்பீட்டியா?” முகத்தைத் திருப்பாமலே கேட்டார்.

“ஆமாப்பா.”

“அடிக்கடி வா சாமி. அவளுக்கும் தெம்பா இருக்கும்.” ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு சொன்னார்: “போவறப்ப கதவ நல்லா இறுக்கிச் சாத்தீட்டுப் போ.”

“சரிப்பா” என்றேன்.

இழுத்துவிட்டேன். கதவு போய் நிலையில் முட்டி நின்றது. தகரம் தகரத்தில் இடிக்கிற சத்தம்தான் வந்தது. இடுக்கில் ஊதா வெளிச்சம் கோடாக வெளியே கசிந்து புல்லில் விழுந்தது.

முன்வாசல் வழியாகவே நடந்தேன். மேடம் நான்காவது இலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். “என்ன சொன்னார்?” என்றார். நான் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டேன். பின்னால் கதவு நகர்கிற சத்தம் கேட்டது. முட்டியது. மறுபடி நகர்ந்தது, மறுபடி முட்டியது. “அமுது” என்று அப்பா கூப்பிட்டார். “அமுது, இதென்ன சாமி, கதவு சேர மாட்டேங்குது.”

கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தேன்.